சூலியா தெருவில் ஐப்பசி

பட்டாம்பூச்சித் தோட்டத்துக்குள் நுழைய இரண்டு கதவுகள். முதலாவதைத் தள்ளி உள்ளே வந்து, அது சாத்திக்கொண்ட பிறகுதான் அடுத்ததைத் திறக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் ஏழெட்டுப் பேர் நெருக்கியடித்து நிற்கிறோம். எல்லாம் காலையில் பினாங்கின் சூலியா தெருப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்த முகங்கள்தான். முதுகுப்பையும் வெயிலில் சிவந்த தோள்களுமாக இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள். கழுத்தில் பழைய கேமரா தொங்கும் சீனப் பெரியவர் ஒருவர். சுங்குடிச் சேலை கட்டிய தமிழ்ப் பாட்டி, அவர் சுண்டுவிரலைப் பிடித்தபடி பேரன்.

அந்தப் பையன் 101ஆம் எண் பேருந்தில் ஏறியதிலிருந்து ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டு வந்தான்.

"வந்துருச்சா பாட்டி?"

"கொம்தாரே தாண்டல, அதுக்குள்ள வந்துருமா? ஒழுங்கா உக்காரு அய்யா."

கொம்தார் போய், கர்னி போய், தஞ்சோங் தோக்கோங் போய், பத்து ஃபெரிங்கியில் சாலை கடலை ஒட்டி வளைந்து வளைந்து ஏறி இறங்கியபோது அவனுக்குத் தலை சுற்றிவிட்டது. பாட்டி கைப்பையைத் துழாவி, ஊறவைத்த புளிப்புப் பழம் ஒன்றை அவன் வாயில் போட்டார். "பசியாறாம கிளம்பினா இப்படித்தான்" என்றார். தெலுக் பஹாங்கில் இறங்கியபோது வாயில் கொட்டை மட்டும் மிச்சம். அதைத் துப்ப இடம் தெரியாமல் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருக்கிறான்.

இரண்டாவது கதவு திறந்ததும் முகத்தில் சூடான ஈரம் அடிக்கிறது. நனைந்த மண்ணும் அழுகத் தொடங்கிய அன்னாசியும் கலந்த வாசனை. மூக்குக்கண்ணாடிகள் மங்குகின்றன. சீனப் பெரியவர் கேமராவைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, அது தானாகத் தெளியட்டும் என்று ஓரமாக நின்றுகொள்கிறார். வெள்ளைக்காரப் பெண்களில் ஒருத்தி உரக்க ஏதோ சொல்லப்போய்ப் பாதியில் நிறுத்துகிறாள். அவள் முழங்கையில் ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது.

1986இல் பினாங்கு வண்ணத்துப்பூச்சிப் பண்ணை என்று தொடங்கிய இடம் இது. 2016இல் பெரிதாக்கிக் கட்டி, எண்டோபியா என்று பெயரையும் மாற்றினார்கள். மேலே வலை போர்த்திய தோட்டம் ஒன்று. அதையடுத்து, புழுவையும் கூட்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டும் கட்டடம் ஒன்று. தோட்டத்தில் முதலில் கண்ணில் படுபவை வெள்ளை இறக்கையில் கறுப்புப் புள்ளிகளும் கோடுகளும் கொண்ட பெரிய பூச்சிகள். மாடியிலிருந்து விட்ட நோட்டுத்தாள் இறங்குமே, அப்படி அவசரமே இல்லாமல் தலைக்குமேல் அலைகின்றன. அவை அவசரப்படத் தேவையும் இல்லை. புழுப் பருவத்தில் தின்ற இலையின் நஞ்சு உடம்பில் தங்கியிருப்பதால் பறவைகள் அவற்றைச் சீண்டுவதில்லை.

கீழே, ஈர மணல் திட்டில், மலேசியாவின் தேசியப் பட்டாம்பூச்சியான ராஜா புரூக். சிவந்த கழுத்து. கரிய இறக்கை நெடுக ரம்பப் பல்லைப்போல் பச்சை முக்கோணங்கள். சரவாக்கில் கிடைத்த பூச்சியை வைத்து 1855இல் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் இதற்கு ஜேம்ஸ் புரூக்கின் பெயரைச் சூட்டினார். உறிஞ்சுகுழலை மணலில் ஊன்றி, பின்பக்கமாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டே குடிக்கிறது. தண்ணீரில் கரைந்துள்ள உப்புதான் அதற்கு வேண்டும். இதைக் காட்டிலேயே பார்க்க விரும்புகிறவர்கள் பேராக் மாநிலத்துக் கோப்பேங்குக்குப் பக்கத்தில் உலு கெரோவுக்குப் போகிறார்கள். அங்கே வெந்நீர் ஊற்றுகளின் ஓரத்து ஈர மண்ணில் ஆண் பூச்சிகள் கூட்டமாக இறங்கும். வழிகாட்டிகளாக வருபவர்கள் அந்தக் காட்டிலேயே வாழும் செமாய் பழங்குடியினர்.

பையன் மணல் திட்டில் நிற்கவில்லை. கூட்டுப்புழுக்களைத் தொங்கவிட்டிருக்கும் கண்ணாடிப் பெட்டிக்கு ஓடிவிட்டான். வரிசை வரிசையாகக் கூடுகள். சில காய்ந்த சுருட்டிலை போலவே இருக்கின்றன. சில பச்சை. கருப்பன் இனத்துக் கூடு மட்டும் உருக்கிய வெள்ளி. அதில் கூரையின் வலையும் எட்டிப் பார்க்கும் பையனின் மூக்கும் வளைந்து தெரிகின்றன. அவன் தலையை ஆட்டுகிறான். கூட்டுக்குள் இன்னொரு சின்னத் தலை ஆடுகிறது. கன்னத்தில் ஒதுக்கியிருந்த கொட்டையை மறந்து வாயைத் திறந்து சிரிக்கிறான்.

பக்கத்துக் கூடு பளபளப்பை இழந்து கருத்துவிட்டது. உற்றுப் பார்த்தால் சுவருக்கு அந்தப் பக்கம் மடித்து வைத்த இறக்கையும் அதன் வெள்ளைப் புள்ளிகளும் தெரிகின்றன. முன்பக்கத்தில் மயிரிழையாக ஒரு விரிசல் விழுகிறது. உள்ளிருந்து ஒரு கால் வந்து காற்றைத் துழாவுகிறது. இன்னொரு கால். பிறகு ஒரே உந்தலில் முழு உடம்பும் வெளியே வந்து, விட்டுவந்த கூட்டையே பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்குகிறது. வயிறு உப்பி, இறக்கைகள் நைந்து சுருங்கிய துணித் துண்டாக இருக்கின்றன. வயிற்றிலிருந்து நீர் இறக்கை நரம்புகளுக்குள் ஏற ஏற அவை கீழ்நோக்கி நீள்கின்றன. இதற்குப் பல நிமிடங்கள் பிடிக்கின்றன. அத்தனை நேரமும் அந்தச் சிறுவன் அசையவில்லை; பேருந்தில் ஒரு கணம்கூடச் சும்மா இருக்காதவன். கடைசியில் பழுப்பாக ஒரு சொட்டு பெட்டியின் தரையில் விழுகிறது.

"ஒண்ணுக்குப் போயிருச்சு" என்றான் மெதுவாக.

"பின்ன, எவ்வளவு நாளா அடக்கி வெச்சிருந்துச்சோ" என்றார் பாட்டி.

"இப்ப இது எங்க போவும் பாட்டி?"

"எங்கயும் போவாது அய்யா. இங்கயேதான் சுத்திக்கிட்டு இருக்கும்."

அவர் சொன்னது சரி. ஆனால் இந்தக் கருப்பனின் நெருங்கிய சொந்தங்கள் இதே ஐப்பசியில் தமிழ்நாட்டில் ஓரிடத்தில் நிற்பதில்லை. நீல வரியன், கருநீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன், இரட்டைவரிக் கருப்பன் ஆகிய நான்கும் சேர்ந்து வலசை போகும் கூட்டங்களைக் கோவைப் பக்கத்துப் பட்டாம்பூச்சி ஆர்வலர்கள் ஆண்டுதோறும் குறித்து வருகிறார்கள். சித்திரை, வைகாசியில், தென்மேற்குப் பருவமழை மேற்குத்தொடர்ச்சி மலையில் இறங்கும் முன்பே, அவை மலையை விட்டுக் கிழக்கே சமவெளிக்கும் கிழக்குத்தொடர்ச்சி மலைக்கும் கிளம்பிவிடுகின்றன. விடாமல் கொட்டும் மழையில் அவற்றால் பறக்கவும் முடியாது, தேன் குடிக்கவும் முடியாது. கிழக்கே இலை தளிர்த்த இடங்களில் முட்டையிடுகின்றன. புரட்டாசி, ஐப்பசியில் காற்று திரும்பி வடகிழக்குப் பருவமழை கூடும்போது கூட்டம் மறுபடி மேற்கே நகர்கிறது. சாலையின் குறுக்காக, ஆள் உயரத்தில், ஒரே திசையில், மணிக்கணக்கில் போய்க்கொண்டே இருக்கும்.

கிழக்கே போனவை திரும்புவதில்லை. திரும்புகிறவை அவற்றின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். வட அமெரிக்காவின் மொனார்க் பட்டாம்பூச்சியிலும் இதுதான் கதை. இலையுதிர் காலத்தில் கனடாவிலிருந்து மெக்ஸிகோ மலைக்காடு வரை ஒரே தலைமுறை பறந்து வந்து குளிர்காலத்தைக் கழிக்கிறது. வசந்தத்தில் வடக்கே திரும்பும் வழியில் முட்டையிட்டு மடிகிறது. மிச்ச வழியை அடுத்தடுத்த தலைமுறைகள் கடக்கின்றன. அவை குளிர்காலத்தில் போய் அடையும் இடத்தை ஃபிரெட் உர்குஹார்ட் என்ற கனடா ஆய்வாளரின் குழு 1975இல்தான் கண்டுபிடித்தது. அதற்கு முன்பு பல ஆண்டுகளாக அவரும் அவர் மனைவியும் ஊர் ஊராகத் தன்னார்வலர்களைச் சேர்த்து, இறக்கையில் சிறு சீட்டு ஒட்டி அனுப்பி, எங்கே எது கிடைக்கிறது என்று பின்தொடர்ந்தார்கள். பெற்றோரைக் கண்டறியாத ஒரு பூச்சி, தான் பார்த்தேயிராத ஒரு மலையை நோக்கிச் சரியாகப் பறக்கிறது என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் கிளர்ந்துபோகிறது.

எண்டோபியாவின் வளைவுப் பாதையில் ஒரு கட்டுச் செடி வாடிப்போய்க் கிடக்கிறது. கிலுகிலுப்பை மாதிரி இருக்கிறது. அதன் காய்ந்த தண்டில் ஏழெட்டுப் பூச்சிகள் முட்டி மோதுகின்றன. பூவே இல்லாத தண்டில் என்ன வேலை என்று தோன்றும். குனிந்து பார்த்தேன். எல்லாம் வரியன்களும் கருப்பன்களும். நகத்தால் கீறுவதுபோலக் காலால் பட்டையைச் சுரண்டி, உறிஞ்சுகுழலால் ஈரப்படுத்தி, கரைவதை உறிஞ்சுகின்றன. கிலுகிலுப்பையிலும் தேள்கொடுக்கிலும் உள்ள ஒருவகை நஞ்சுதான் அவற்றுக்கு வேண்டியது. பெரும்பாலும் ஆண் பூச்சிகளே வரும். அந்த நஞ்சு பறவைகளிடமிருந்து காப்பாற்றும். அதையே உடம்புக்குள் மாற்றி, வயிற்று நுனியிலுள்ள மயிர்க்கற்றைகளில் மணமாகத் தேக்கி, பெண்ணைச் சுற்றிப் பறந்து தூவும். தமிழ்நாட்டில் வலசை போகும் கூட்டங்களும் வழியில் இந்தச் செடிகளைக் கண்டால் இறங்கி, நாள்கணக்கில் தங்கிவிடுகின்றன.

அந்தத் தண்டில் இருந்தவற்றில் ஒன்று கருநீல வரியன். கரும்பழுப்பு இறக்கையில் வெளிர்நீலத் தீற்றல்கள். ஆனைமலையில் பறப்பதும் மலாயாக் காட்டில் பறப்பதும் இந்த ஒரே இனம்தான். அங்கே அது மழையைப் பார்த்து இடம் பெயர்கிறது. இங்கே வலைக்குள் அதற்கு மழையும் ஒன்றுதான், வெயிலும் ஒன்றுதான். ஒன்று மடிந்தால் மறுநாள் பெட்டியிலிருந்து இன்னொன்று இறக்கை விரிக்கும்.

வலையை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு சிறுவனை அத்தனை நேரம் அசையாமல் நிற்கவைத்தது வலைக்குள் இருந்த பெட்டி. பின்னாலேயே வந்த தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் முப்பது நாற்பது பேர், நீலக் காற்சட்டையும் வெள்ளைச் சட்டையுமாக, முதலில் கத்திக்கொண்டு ஓடினார்கள். டீச்சர் ஒரு வார்த்தை அதட்டவில்லை. ஒரு பூச்சியை விரலில் ஏற்றிக்கொண்டு சும்மா நின்றார். ஒவ்வொருவராக வந்து அவரைச் சுற்றி நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் விரலை நீட்டிக்கொண்டு பேசாமல் நிற்கிறார்கள். இதைப் புத்தகத்தால் செய்ய முடியாது. ஆனால் பூச்சிகள் எங்கே, எப்போது, எதற்காக வருகின்றன என்பது வலைக்குள் தெரியாது. அதற்கு இலையைத் தேடித்தான் போகவேண்டும்.

திருவரங்கத்துக்கு அருகே மேலூர் நடுக்கரையில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே 2015இல் திறந்த பட்டாம்பூச்சிப் பூங்காவில் இலையிலிருந்துதான் தொடங்கினார்கள். வனத்துறை அங்கே பெரும்பகுதியைத் திறந்தவெளியாக விட்டு, பூச்சிகள் முட்டையிடும் செடிகளையும் தேன் குடிக்கும் செடிகளையும் தேர்ந்து நட்டது. பூச்சிகள் தாமாக வந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளை அங்கே பதிவு செய்திருக்கிறார்கள்.

மதியம் வானம் இருண்டது. முதல் இடி கேட்கும் முன்பே பறப்பவை குறைந்துவிட்டன. ஒவ்வொன்றாக இலைக்கு அடியில் போய்த் தலைகீழாகத் தொங்கின. வெளியேறும் வழியில் ஆளுயரக் கண்ணாடி. அதன்முன் நின்று தலை, தோள், பை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். சீனப் பெரியவரின் தொப்பியில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. தோட்டத்து ஊழியர் அதன் அடியில் விரலைக் கொடுத்து ஏற்றி, திரும்ப உள்ளே கொண்டு போய் ஒரு செம்பருத்தி இலையில் இறக்கினார். பெரியவர் தொப்பியைக் கழற்றி அது இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டார்.

திரும்பும் பேருந்தில் பையன் பாட்டியின் மடியில் தூங்கிவிட்டான். முன் இருக்கையில் இருந்த ஒரு தமிழ்ப் பெண்ணிடம் பாட்டி பேச்சுக் கொடுத்தார்.

"எங்கப்பா ரஜுலா கப்பல்ல வந்தவரு. நாகப்பட்டினத்துல ஏறி இங்க இறங்கினாரு. ரெண்டு வருசம் இருந்துட்டுப் போயிரலாம்னுதான் வந்தாராம்."

"போனாராம்மா?"

"எங்கம்மாவக் கட்டிக்கப் போனாரு. கட்டிக்கிட்டுத் திரும்ப வந்துட்டாரு. அப்புறம் போகல."

"நீங்க போயிருக்கீங்களா?"

"ஒருவாட்டி. எங்கப்பா சொன்ன மாதிரியே கிணறு இருந்துச்சு. தண்ணிதான் இல்ல."

மழைத்தண்ணீர் கண்ணாடியில் வழிந்ததில் பத்து ஃபெரிங்கிக் கடல் தெரியவில்லை.

நாகூர் தர்காவுக்குப் பக்கத்தில் இறங்கினேன். சூலியா தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் முனையில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நிற்கும் சின்ன வெள்ளைக் கட்டடம். நாகூர் ஆண்டவர் அடங்கியிருப்பது நாகூரில்தான். அந்தக் கரையிலிருந்து வந்தவர்கள் அவர் நினைவை இங்கே ஒரு தர்காவாகக் கட்டிக்கொண்டார்கள். எதிரே கடைகளின் ஐந்தடி நடைபாதையில் மழைக்கு ஒதுங்கிய கூட்டம். மேலே மின்கம்பியில் தகைவிலான் குருவிகள் நெருக்கமாக உட்கார்ந்து இறகைக் கோதுகின்றன. வடக்கே ஆசியாவில் கோடையில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு முன் தெற்கே வருபவை. பங்குனி வாக்கில் போய்விடும்.

இந்தத் தெருவுக்கும் அப்படி ஒரு வலசைப் பருவம் இருந்தது. 1786இல் பினாங்கில் இறங்கிய ஃபிரான்சிஸ் லைட், 1794இல் எழுதிய அறிக்கையில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்களைப் பற்றிச் சொல்கிறார். ஆயிரம் பேர்போல இங்கேயே தங்கிவிட்டார்கள். அதுபோக ஒவ்வோர் ஆண்டும் கப்பல்கள் ஆயிரத்து முந்நூறிலிருந்து இரண்டாயிரம் ஆண்களைக் கொண்டுவருகின்றன. அவர்கள் வாணிபமும் கூலிவேலையும் செய்து கொஞ்சம் காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள், அவர்கள் இடத்துக்கு வேறு ஆட்கள் வந்துவிடுகிறார்கள் என்கிறார். நிர்வாகக் கணக்காக எழுதிய நாலு வரிதான் அது. ஆனால் சூலியா தெருவைப் பற்றி நான் படித்தவற்றில் இதைவிட உண்மையானது வேறில்லை. பாய்மரக் கப்பல் காலத்தில் வரவும் போகவும் காற்றைத்தான் பார்க்க வேண்டும். காற்று ஒருபக்கம் அடித்தால் வந்தார்கள், மறுபக்கம் அடித்தால் போனார்கள். நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால், பரங்கிப்பேட்டை, கீழக்கரை என்று ஊர்கள் மாறவில்லை. ஆட்கள் மட்டும் மாறிக்கொண்டே இருந்தார்கள்.

தங்கியவர்களுக்கு 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்த நிலத்தில், காதர் முகைதீன் தலைமையில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எழுந்தது. பிறகு நீராவிக் கப்பல் வந்தது. 1926இல் கட்டிய ரஜுலா, சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே 1973 வரை ஓடியது. அதற்குப்பின் சிதம்பரம் கப்பல். அது தீப்பிடித்த பிறகு கடல்வழி நின்றுபோனது. இப்போது திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் விமானத்தில் வருகிறார்கள். காற்று இனிக் கணக்கில்லை. வேலை பெர்மிட்டுத் தேதிதான் கணக்கு.

2008 ஜூலையில் கனடாவின் கியூபெக் நகரில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு கூடியது. மலாக்காவோடு சேர்த்து, இந்தத் தெரு இருக்கும் ஜார்ஜ் டவுனைப் பட்டியலில் ஏற்றியது அந்தக் கூட்டத்தில்தான். மெக்ஸிகோவின் மொனார்க் பட்டாம்பூச்சிக் காட்டை ஏற்றியதும் அதே கூட்டத்தில்தான். பூச்சிகள் வந்து தங்கும் ஒரு மலையும் மனிதர்கள் வந்து தங்கிய ஒரு துறைமுகமும் ஒரே பட்டியலுக்குள் வந்தன. அந்தக் காகிதங்களைப் புரட்டியவர்களில் யாருக்காவது இது தோன்றியிருக்குமா என்று யோசித்துக்கொண்டே சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தேன்.

மழைக்கு ஒதுங்கியவர்களும் உள்ளே வந்ததால் மேசைகள் நிறைந்துவிட்டன. பின்பக்கம் அடுக்களை வாசலை ஒட்டிய மேசைதான் கிடைத்தது. வாசலுக்கு அப்பால் பின்சந்து. அங்கே பழைய எண்ணெய் டின்களில் செடிகள். ஒன்றில் கறிவேப்பிலை, மார்பு உயரத்துக்கு. இன்னொன்றில் லிமாவ் கஸ்தூரி என்ற சின்ன எலுமிச்சை. மழை விட்டு வெளிச்சம் வந்திருந்தது. கறுப்பில் மஞ்சள் திட்டுகளுடன் ஒரு எலுமிச்சை அழகி சந்துக்குள் இறங்கிக் கறிவேப்பிலைத் தளிரைச் சுற்றியது. உட்காரவில்லை. சிறகை அடித்துக்கொண்டே முன்காலால் இலையைத் தட்டியது. அந்தக் காலால்தான் அது இலையை ருசி பார்க்கும். பிறகு வயிற்றை வளைத்து இலை நுனியில் ஒரு முட்டை. வெளிர்மஞ்சளாக, கடுகைவிடச் சிறிது. எழும்பிப் பக்கத்து டின்னுக்குப் போய், லிமாவ் கஸ்தூரியில் இன்னொன்று.

வலையில்லை, டிக்கெட் இல்லை. இந்த இலை இங்கே இருக்கிறது, அது வந்தது. கறிவேப்பிலை இந்த மண்ணுக்கு இந்தியாவிலிருந்து வந்தது. அதை இந்தத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்கள் பட்டாம்பூச்சியை நினைத்துக் கொண்டுவரவில்லை, குழம்பை நினைத்துத்தான். அந்த எண்ணெய் டின்னைச் சரணாலயம் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை. எந்த ஊரிலும், பூச்சிக்கும் ஆளுக்கும், தங்குவதா போவதா என்பதைத் தீர்மானிப்பது இப்படி ஒன்றுதான்: வயிற்றுப்பாட்டுக்கு ஓர் இலை.

அடுக்களையிலிருந்து ஒரு இளைஞன் வந்தான். இருபத்தைந்து வயது இருக்கலாம். பேச்சில் ராமநாதபுரம். கறிவேப்பிலைக் கொத்தை ஒடிக்கக் கையை வைத்தவன் சட்டென்று நிறுத்தினான். கொத்தின் அடியில் பச்சைப் புழு ஒன்று, விரல் பருமன். சின்ன வயதில் பறவை எச்சம் மாதிரி இருந்து ஏமாற்றியிருக்கும். இப்போது இலைநிறம். கை பட்டதும் தலையை நிமிர்த்தி, கழுத்துக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சளாக இரண்டு கொம்பை நீட்டியது. புளித்த எலுமிச்சையின் நெடி என் மேசை வரை வந்தது. அவன் பயப்படவில்லை. புழு இருந்த கிளையை அப்படியே ஒடித்து, அடுத்த டின்னில் லிமாவ் கஸ்தூரியின் இலைகளுக்கு நடுவே செருகினான்.

கல்லாவில் இருந்த பெரியவர் சாம்பார் வாளியை நகர்த்த அந்தப் பக்கம் வந்திருந்தார். வெள்ளைத் தொப்பி, கட்டம் போட்ட சாரம்.

"என்ன தம்பி, கிளையையே ஒடிச்சிட்ட?"

"புழு முதலாளி. இடம் மாத்தி விட்டேன்."

"செடிய மொட்டையடிச்சிரப் போகுது. எங்கம்மா ஊர்லேருந்து கொண்டாந்து வெச்சது. அந்தத் தாய்ச்செடி பட்டுப்போச்சு. இது அதோட பக்கக்கன்னு."

"தளுத்துரும் முதலாளி. எங்க வீட்டு எலுமிச்சையிலயும் இதே புழுதான். மொட்டையாயிரும்னு நெனைப்போம், மழை பெஞ்சா மறுபடி தளுத்துரும்."

"தீபாவளிக்கு ஊருக்குப் போகலையா?"

"பொங்கலுக்குத்தான். ஜனவரியோட பெர்மிட்டு முடியுது."

"புதுப்பிச்சிட்டு வந்துரு."

"எனக்குக் கல்யாணம் பேசுறாங்க முதலாளி. நான் வராட்டியும் என் தம்பி வருவான். பாஸ்போர்ட் எடுத்துட்டான்."

பெரியவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவனை ஒரு பார்வை பார்த்தார்.

"மீன் வெட்டத் தெரியுமா அவனுக்கு?"

"நான் வந்தப்ப எனக்குத் தெரியுமா?"

"அதுவும் சரிதான். வரச் சொல்லு. கருவேப்பிலைய நல்லா அலசிப் போடு, பதினொண்ணாம் மேசையில மீன்கறி கேட்டு ரொம்ப நேரமாச்சு."